மூன்றாம் சிலிண்டர்: வீட்டு வாசலில் ஸ்பார்க் பிளக் மாற்றியதும் அதன் பிறகு நடந்ததும்

சேலத்தில் 2025இன் பிற்பகுதியில் ஒரு குடும்பத்தில் நடந்தது இது. வேலை நடந்த இரண்டு தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன், ஆனால் ஸ்பேனர் பிடித்தது அவர்கள்தான். வண்டியின் சொந்தக்காரரை உரிமையாளர் என்றும், அவருடைய தாய்மாமனை மாமா என்றும் குறிப்பிடுகிறேன். வண்டி எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. இதே அமைப்புள்ள பெட்ரோல் இன்ஜின்கள் பல கம்பெனிகளிடமும் உண்டு.

பின்னணி

உரிமையாளர் அரசுப் பள்ளி ஆசிரியை. வண்டி 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், 2018 மாடல். நாடு முழுக்க பிஎஸ்-4 புகை விதி கட்டாயமான 2017 ஏப்ரலுக்குப் பின்னால் வந்தது என்பதால் ஸ்டியரிங்குக்குக் கீழே, இன்ஜின் பழுதைப் படிக்கும் கருவியை மாட்டும் ஓபிடி சாக்கெட் இருக்கிறது. பழைய முறையில் டிஸ்ட்ரிபியூட்டரும் நீளமான பிளக் ஒயர்களும் இருக்கும். இதில் அவை கிடையாது, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனியாக, தீப்பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டேஜைத் தரும் ஒரு இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கும்.

வண்டியை அவர் இரண்டாம் கையாக, 46,000 கிலோமீட்டரில் வாங்கினார். இந்த நிகழ்வு தொடங்கியபோது மீட்டர் 68,000ஐத் தாண்டியிருந்தது. அதில் இருப்பது சாதாரண நிக்கல் முனைப் பிளக். கையேட்டின்படி அதை 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முந்தைய சொந்தக்காரர் மாற்றினாரா என்பதற்கு பில் எதுவும் இல்லை. எண்ணெய், ஃபில்டர், டயர் எல்லாம் ஒழுங்காகப் பார்த்தவருக்கு பிளக் என்ற ஒன்று நினைவிலேயே இல்லை. பெரும்பாலான வீடுகளில் நிலைமை இதுதான். பிளக் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதில்லை, தேய்ந்தாலும் உடனே தெரிவதில்லை.

மாமா இருபது வருடத்துக்கு மேல் வாடகை வேன் ஓட்டியவர். கார்புரேட்டர் காலத்து வண்டிகளைப் பிரித்துப் பழகிய கை.

மலைப்பாதையில் தெரிந்தது

ஏற்காடு போகும் வழியில்தான் முதல் அறிகுறி வந்தது. அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு முடிந்து மூன்றாம் கியரில் மிதித்தபோது வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. எரிந்ததோடு நிற்காமல் மின்னத் தொடங்கியது. சமதளத்துக்கு வந்து மெதுவாக ஓட்டியதும் மின்னுவது நின்று, நிலையாக எரிந்தது.

இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு பழுது பதிவாகியிருக்கிறது, சீக்கிரம் பார்க்க வேண்டும். மின்னினால் சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் வலையை உருக்கிவிடக்கூடும். பிளக்கோடு முடிய வேண்டிய செலவு அங்கே பல மடங்கு ஆகும். உரிமையாளர் அன்று மேலே போகாமல் வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கினார். எனக்குத் தெரிந்து இந்த நிகழ்வு முழுவதிலும் அதிகப் பணத்தை மிச்சம் பிடித்தது அந்த ஒரு முடிவுதான்.

கீழே வந்தபின் நினைவுபடுத்திப் பார்த்தபோது வேறு சிலவும் சேர்ந்தன. சில மாதங்களாகவே மைலேஜ் லிட்டருக்கு 16லிருந்து 13 பக்கம் வந்திருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் நடுங்கும். மழை, டிராஃபிக், ஏசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக் கடந்திருக்கிறார்கள்.

ஒர்க்‌ஷாப்பும் மற்றவர்களும் சொன்னது

வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்பில், “மிஸ்ஸிங் அடிக்குதுங்க. பிளக் நாலு, காயில் நாலு, இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், எல்லாம் ஒரேயடியா பண்ணிடலாம்” என்றார்கள். பானட்டைத் திறந்து பார்த்தார்கள், ஸ்கேனர் மாட்டவில்லை. ஒரு காயில் விலைக்கு பிளக் நான்கும் வாங்கி மீதியும் வைக்கலாம் என்னும்போது, நான்கு காயில் என்றதும் உரிமையாளர் தயங்கினார்.

தெருவில் இருந்தவர்கள் பெட்ரோலைக் குற்றம் சொன்னார்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து எந்த வண்டிக்கு எது ஆனாலும் முதலில் பேச்சு அங்கேதான் போகிறது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் பற்றியும் மைலேஜ் பற்றியும் அதில் நியாயமான கவலைகள் இருக்கின்றன. ஆனால் நான்கு சிலிண்டருக்கும் ஒரே டேங்கிலிருந்துதான் பெட்ரோல் போகிறது. பெட்ரோல்தான் காரணமென்றால் ஒரு சிலிண்டர் மட்டும் தனியாக அடம்பிடிக்காது.

ஒரு சிலிண்டர்தான் என்பது எப்படித் தெரிந்தது? உரிமையாளரின் மகன் ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த சின்ன ப்ளூடூத் ஓபிடி கருவியை மாட்டி, கைப்பேசியில் பார்த்தான். பி0303 என்று பழுதுக் குறியீடு வந்தது. பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது, மெக்கானிக் பேச்சில் மிஸ்ஸிங்), பி0301 முதல் பி0304 வரை அந்தந்தச் சிலிண்டரைக் குறிக்கும். அப்படியானால் இது மூன்றாவது. குறுக்கே படுத்திருக்கும் இந்த வகை இன்ஜின்களில் பெல்ட் ஓடும் பக்கம் இருப்பது ஒன்று, அங்கிருந்து எண்ண வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேலை விட்டுப்போனது. பழுது பதிவான நொடியில் வேகம், லோடு, இன்ஜின் சூடு எவ்வளவு என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்துச் சேமித்து வைக்கும். அதைப் படமெடுத்து வைக்காமல் பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டார்கள். அழித்தால் அந்தப் பதிவும் போய்விடும்.

பிளக்கோடு தொடங்கலாம் என்ற முடிவு

காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா என்று உறுதியாகத் தெரியாத நிலையில் பிளக்கோடு தொடங்கியதற்குக் காரணம் இருந்தது. கோளாறு எதுவாக இருந்தாலும் முன்பு மாற்றியதற்குச் சான்று இல்லாததால் பிளக் மாற்ற வேண்டிய காலம் கடந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும், எனவே அந்தப் பணம் எப்படியும் வீண்போகாது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒவ்வொரு சிலிண்டரிலும் என்ன நடக்கிறது என்பதும் தெரியும். எனக்கும் இது சரியாகவே பட்டது. ஆனால் அதற்கு முன்னாலேயே, காசே செலவில்லாத ஒரு சோதனை இருந்தது. அது பின்னால் வருகிறது.

உதிரிபாகக் கடையில், கையேட்டில் இருந்த எண்ணைச் சொன்னதும் கடைக்காரர் வேறு கம்பெனிப் பிளக்கை எடுத்து வைத்து, “நம்பர் ஒண்ணுதான், போடலாம்” என்றார். இங்கே கவனம் தேவை. பிளக்கின் சூட்டுத் தரத்தை, அதாவது முனையின் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைக் காட்டும் எண் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக் கூட பிளக் குளிர்ச்சியானது, போஷில் எண் கூடினால் சூடானது. என்ஜிகேயில் 6 என்பது டென்சோவில் 20. எண் ஒன்றாக இருப்பதை வைத்து முடிவு செய்தால், தரம் தலைகீழாகப் போக வாய்ப்புண்டு. மரையின் நீளமும் ஒத்துவர வேண்டும். நீளம் கூடினால் பிஸ்டனில் தட்டலாம். உரிமையாளர் கையேட்டில் உள்ள அதே எண்ணுக்காக இன்னொரு கடை ஏறினார்.

போலிப் பிளக் சந்தையில் தாராளமாக இருக்கிறது என்பதால் வீட்டில் பிரித்துப் பார்த்தார்கள். நடு முனை நேராக இருக்கிறதா, பக்க முனை அதற்கு நேர் மேலே வளைந்திருக்கிறதா, பீங்கானில் அச்சடித்த எழுத்து நகத்தால் சுரண்டினால் போகிறதா, மரையில் இருக்கும் வாஷர் சுற்றினாலும் சுலபத்தில் கழன்று விழாமல் நிற்கிறதா என்று பார்த்தார்கள். இடைவெளி நான்கிலும் 1.1 மி.மீ., கையேட்டில் சொன்னபடி.

ஞாயிற்றுக்கிழமை காலை

வண்டி முந்தின இரவிலிருந்து நின்றுகொண்டிருந்தது. இது சோம்பல் இல்லை. பிளக் திருகியிருக்கும் சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களின் மேல் மூடி) அலுமினியம், பிளக் எஃகு. சூடாக இருக்கும்போது திருகினால் மென்மையான அலுமினிய மரை பிளக்கோடு உரிந்து வரும் ஆபத்து உண்டு. தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போதுதான் கை வைக்க வேண்டும்.

எடுத்து வைத்தவை: 10 மி.மீ. சாக்கெட், உள்ளே ரப்பர் வளையம் உள்ள 16 மி.மீ. பிளக் சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், ராட்செட், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், டார்ச், டயருக்குக் காற்றடிக்கும் கால் பம்ப். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லை. சாவியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது காயிலின் கனெக்டரைக் கழற்றும்போது அதன் பிளாஸ்டிக் பூட்டு உடைந்தது. ஏழு வருட இன்ஜின் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. பின்னால் மாட்டும்போது ஒரு கேபிள் டையால் இறுக்கிக் கட்டினார்கள். இந்தச் சின்ன உடைசல் பிறகு அவர்களைக் கொஞ்சம் அலைக்கழித்தது.

ஒன்று, இரண்டு, நான்கு: காயிலைத் தூக்கியதும் குழி காய்ந்து, லேசான தூசியோடு இருந்தது. பம்ப் அடித்துத் தூசியை வெளியேற்றினார்கள். பிளக்கைக் கழற்றுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், கழற்றியபின் குழியில் இருக்கும் மண் நேராகச் சிலிண்டருக்குள் போகும்.

மூன்றாவது குழியில் டார்ச் அடித்தபோது அடியில் எண்ணெய் பளபளத்தது. பிளக்கின் அறுகோணத் தலை பாதிக்கு மேல் மூழ்கியிருந்தது. காயிலின் ரப்பர் பூட் (பிளக்கின் பீங்கானை மூடும் உறை) எண்ணெய் பட்டு வழவழவென்று, மற்ற மூன்றைவிட மெத்தென்று உப்பியிருந்தது.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை. பிளக் குழிகள் ஹெட் கவரின் நடுவே இறங்குகின்றன. கவருக்குக் கீழே கேம்ஷாஃப்ட்டை நனைக்கும் எண்ணெய் சதா தெறித்துக்கொண்டிருக்கும். அதைக் குழிக்குள் விடாமல் தடுப்பது குழியைச் சுற்றி இருக்கும் ஒரு ரப்பர் வளையம். அது காய்ந்து கெட்டியானால் எண்ணெய் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். மெக்கானிக்குகள் டாப்பெட் கவர் லீக் என்பது இதைத்தான்.

அப்படியே பிளக்கைத் திருகியிருந்தால் தேங்கிய எண்ணெய் முழுக்க சிலிண்டரில் விழும். கொஞ்சமென்றால் நீலப் புகையோடு எரிந்து போகும், நிறைய என்றால் இன்ஜினே சுற்ற முடியாமல் முட்டும். மருந்துக்கடை ஊசிக்குழலில் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி உறிஞ்சினார்கள். மிச்சத்தைத் துணி சுற்றிய குச்சியால் ஒற்றி எடுத்தார்கள். அந்தப் பொறுமை மாமாவுடையது.

கழற்றிய பிளக்குகள் காட்டியது

நான்கையும் முட்டை அட்டையில் வரிசைப்படி வைத்து, பக்கத்தில் எண் எழுதினார்கள். பழைய பிளக்கை உடனே குப்பையில் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: அன்று எண் எழுதி வைத்ததால்தான் பின்னால் விஷயம் பிடிபட்டது.

முனைகள் நான்கும் வெளிர்ப் பழுப்பு. அதாவது பெட்ரோல், காற்று விகிதம் சரி, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகவில்லை. கரும் புகைப் படிவம் இல்லை, சிலிண்டருக்குள் எண்ணெய் எரிந்த ஈரமும் இல்லை. இதிலேயே இன்ஜெக்டர் கிளீனிங்குக்கு அவசரம் இல்லை என்பது கிட்டத்தட்ட தெரிந்துவிட்டது. ஆனால் நடு முனை கூர்மை போய் உருண்டிருந்தது. 1.1 இருக்க வேண்டிய இடைவெளி மூன்று பிளக்குகளில் 1.35 பக்கம், மூன்றாவதில் 1.5 காட்டியது. தட்டையான ஃபீலர் கேஜ் பக்க முனையில் விழுந்திருக்கும் பள்ளத்தைக் கணக்கில் எடுக்காது என்பதால் உண்மையான இடைவெளி இதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்திருக்கும்.

மாமா மூன்றாவதைக் கையில் எடுத்து, “உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஆக்சா பிளேடு வச்சு கேப்பு புடிச்சா இன்னும் ஒரு வருஷம் ஓடும்மா” என்றார். அவர் காலத்து வண்டிக்கு அது சரிதான், சுமார் 0.6 மி.மீ. கனமுள்ள ஆக்சா பிளேடு பல பழைய இன்ஜின்களுக்கு நல்ல அளவுகோல். இங்கே முனையே தேய்ந்துவிட்டது. தட்டி இடைவெளியைக் குறைத்தாலும் உருண்ட முனையிலிருந்து தீப்பொறி கிளம்ப அதிக வோல்ட்டேஜ் வேண்டும். புதுப் பிளக் கையிலேயே இருந்ததால் பேச்சு அதோடு நின்றது.

மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தது. அன்று எல்லாரும் பார்த்தோம். எண்ணெய்க் கறை என்று துடைத்தார்கள். அது போகவில்லை. பிளக்தான் மாற்றப் போகிறோமே என்று விட்டுவிட்டார்கள். பீங்கானின் அடியில், உலோகத்தை ஒட்டி வரும் பழுப்பு வளையம் இயல்பானது, அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மேலிருந்து கீழே ஓடும் கோடு வேறு விஷயம்.

நான்காவது பிளக்

புதியவற்றை மாட்டும்போது மரைக்கு கிரீஸ் தடவலாமா என்று கேள்வி வந்தது. வேண்டாம் என்று முடிவானது. இப்போதைய பிளக்குகளின் மரை துருப்பிடிக்காதபடி பூச்சோடுதான் வருகிறது. கிரீஸ் வழுக்கினால் அதே பலத்துக்கு மரை கூடுதலாக இறுகும், அலுமினியம் அதைத் தாங்காது.

ராட்செட்டைத் தொடாமல், சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் மட்டும் விரலால் சுற்றி இறக்கினார்கள். முதல் மூன்றும் தடையில்லாமல் அடிவரை போய் உட்கார்ந்தன. நான்காவது ஒன்றரைச் சுற்றில் நின்றது.

“மாமா, இது போகமாட்டேங்குது. ராட்செட் போடட்டுமா?”

“போடாத, போடாத. கைக்குப் போகாதது ஸ்பேனருக்குப் போச்சுன்னா மரை போச்சுன்னு அர்த்தம். எடு வெளியே.”

பிளக்கை முழுதாக வெளியே எடுத்து, மரையில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு மறுபடி இறக்கி, முதலில் இடப்பக்கமாக, கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றினார். ஒரு இடத்தில் ‘டொக்’ என்று பிளக் லேசாக இறங்கியது. பிளக் மரையின் தொடக்கமும் ஹெட் மரையின் தொடக்கமும் சந்திக்கிற இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் சுற்றியதும் விரலுக்கே அடிவரை போனது. முதல் முறை எக்ஸ்டென்ஷன் சாய்ந்து, பிளக் கோணலாக நுழைந்திருக்கிறது. மேலே காற்றுக் குழாய் இடிக்கும் இடம் என்பதால் நேராகப் பிடிப்பது கடினம்.

அங்கே ராட்செட் போட்டு அழுத்தியிருந்தால் மரை கிழிந்திருக்கும். பிறகு ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளைப் போட்டு மரையைப் புதுப்பிக்க வேண்டும். அலுமினியச் சீவல் சிலிண்டரில் விழாமல் அதைச் செய்வதற்குப் பல நேரம் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். வீட்டில் பிளக் மாற்றும் வேலையில் உண்மையான ஆபத்து என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். மற்றதெல்லாம் திருத்திக்கொள்ளக்கூடியவை.

கடைசி இறுக்கம்: 14 மி.மீ. மரையும் வாஷரும் உள்ள பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு. டார்க் ரென்ச் இல்லாததால் கோணக் கணக்கில் போனார்கள். வாஷர் உட்காரும்வரை விரலால், அதன்பின் ராட்செட்டில் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சுற்றுக்குள். புது வாஷர் நசுங்குவது கையில் தெரியும். ஏற்கெனவே நசுங்கிய வாஷரோடு பழைய பிளக்கைத் திரும்ப மாட்டினால் இவ்வளவு சுற்றக் கூடாது, பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே போதும்.

காயில்களின் ரப்பர் உறையை வெளிப்புறம் துடைத்து, அததன் இடத்திலேயே மாட்டினார்கள். ஸ்டார்ட் செய்ததும் நடுக்கம் இல்லை. வித்தியாசம் காதிலேயே தெரிந்தது.

நிம்மதியும் மறுபடி மின்னிய விளக்கும்

பள்ளிக்கும் கடைக்கும் ஒரு வாரத்துக்கு மேல் ஓடியது. மைலேஜும் ஏறியது. எல்லாரும் விஷயம் முடிந்தது என்று நினைத்தார்கள். எண்ணெய்க் கசிவை அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் அத்தனை ஓட்டமும் ஊருக்குள், சமதளத்தில்.

மறுபடி ஏற்காடு ஏறியபோது நான்காவது, ஐந்தாவது வளைவிலேயே பழைய வெட்டல் வந்தது, விளக்கு மின்னியது. திரும்பி வந்துவிட்டார்கள்.

முதல் சந்தேகம் கேபிள் டை கட்டிய கனெக்டர் மேல் விழுந்தது. கை வைத்த இடத்தைத்தானே முதலில் சந்தேகப்படுவோம். அதை அவிழ்த்து, சுத்தம் செய்து, மறுபடி கட்டி, அரை நாள் போனது. பிறகுதான் பழுதுக் குறியீட்டைப் படித்தார்கள். அதே பி0303. கட்டிய கனெக்டர் இரண்டாவது சிலிண்டருடையது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

காயிலை இடம் மாற்றிப் பார்த்தது

இப்போது அந்தச் செலவில்லாத சோதனையைச் செய்தார்கள். மூன்றாவது காயிலை ஒன்றுக்கும் ஒன்றாவதை மூன்றுக்கும் மாற்றி மாட்டி, பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டு, மலையடிவாரம் வரை போய் ஏற்றத்தில் மிதித்தார்கள். விளக்கு மின்னியதும் உடனே காலை எடுத்துவிட்டார்கள். கைப்பேசியில் பி0301.

பழுது காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. மூன்றிலேயே தங்கியிருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டியிருக்கும். பத்து மி.மீ. போல்ட் இரண்டு, கால் மணி நேர வேலை. இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம், ஒர்க்‌ஷாப்பும் செய்திருக்கலாம்.

காயிலைக் கழற்றி, இந்த முறை ரப்பர் உறையின் உள்ளே டார்ச் அடித்தார்கள். ரப்பரின் உள்சுவரில் முடி அளவுக்கு ஒரு கரிக்கோடு. முட்டை அட்டையிலிருந்து பழைய மூன்றாம் பிளக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்ததும் பீங்கானில் இருந்த கோடு அதோடு பொருந்தியது. மூன்றாம் குழியில் இருந்த புதுப் பிளக்கைக் கழற்றினால் அதிலும் அதே மாதிரி மங்கலான கோடு விழத் தொடங்கியிருந்தது. ஒன்றாவதில் அந்தக் காயில் குறுகிய நேரம்தான் ஓடியது என்பதால் அந்தப் பிளக் சுத்தமாக இருந்தது.

நடந்ததைத் தொடர்ச்சியாக வைத்துப் பார்த்தால் இப்படி. குழியில் கசிந்த எண்ணெய் பூட் ரப்பரை மெத்தென்று ஆக்கி, பீங்கானோடு இருந்த பிடிப்பைக் கெடுத்தது. தேய்ந்த பிளக்கின் அகன்ற இடைவெளியைத் தாண்ட காயில் வழக்கத்தைவிட அதிக வோல்ட்டேஜ் தர வேண்டியிருந்தது. மலை ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் இன்னும் அதிகம். ஒரு கட்டத்தில் முனையைத் தாண்டுவதைவிட, பீங்கானின் வெளிப்புறமாக ஓடி உலோகத்தைத் தொடுவது மின்சாரத்துக்குச் சுலபமானது. ஒருமுறை ஓடியதும் அந்த வழியில் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அடுத்த முறை அதே வழி இன்னும் சுலபம். புதுப் பிளக் போட்டதும் தேவையான வோல்ட்டேஜ் குறைந்தது, அதனால் சமதளத்தில் தொல்லை இல்லை. ஏற்றத்தில் ரப்பர் உறையில் இருந்த கரிக்கோடு மறுபடி வழிகாட்டியது. இந்தக் கோட்டைத் துடைத்து எடுக்க முடியாது. பிளக்கை மட்டும் மாற்றினால் ரப்பர் உறை புதுப் பிளக்கைக் கெடுக்கும், உறையை மட்டும் மாற்றினால் பிளக் புது உறையைக் கெடுக்கும்.

என்ன செய்தார்கள், என்ன ஆனது

பூட் தனியாகக் கிடைக்கவில்லை, எனவே ஒரு காயில் முழுதாக வாங்கினார்கள். மூன்றாம் சிலிண்டருக்கு இன்னொரு புதுப் பிளக். ஹெட் கவர் கேஸ்கெட்டையும் குழி வளையங்களையும் மட்டும் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தார்கள். டைமிங் செயின் கவர் ஹெட்டோடு சேரும் மூலைகளில் பழைய பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும், அது சரியாக அமையாவிட்டால் எண்ணெய் வெளியே ஒழுகும். வீட்டில் செய்து பார்க்க அது ஏற்ற வேலை இல்லை என்று மாமாவே சொல்லிவிட்டார். கழற்றிய வளையம் நான்கும் விரலால் வளைத்தால் கீறல் விடும் அளவுக்குக் காய்ந்திருந்தன. மூன்றாவது முதலில் விட்டுக்கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதன்பின் இதை எழுதும்வரை 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கிறது. ஏற்காடு முழுக்க ஏறி இறங்கியாயிற்று, பழுதுக் குறியீடு எதுவும் வரவில்லை. மைலேஜ் 16க்குத் திரும்பியது. மற்ற மூன்று காயில்களும் பழையவை, நன்றாக வேலை செய்கின்றன.

ஒர்க்‌ஷாப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவர்கள் சொன்னபடி நான்கு பிளக்கும் நான்கு காயிலும் போட்டிருந்தால் மிஸ்ஸிங் அன்றே நின்றிருக்கும். வீட்டில் செய்த முதல் முயற்சியைவிட அது நல்ல பலன்தான். ஆனால் அந்தப் பட்டியலில் கேஸ்கெட் இல்லை. புதுக் காயிலின் ரப்பர் உறையும் அதே எண்ணெயில் ஊறி, கொஞ்ச காலத்தில் அதே இடத்துக்கு வந்திருக்கும். விலை கூடிய வழியும் குறைந்த வழியும் ஒரே இடத்தில்தான் தவறின: எண்ணெயை ஒருவர் பார்க்கவே இல்லை, மற்றவர் பார்த்தும் தள்ளிப் போட்டார்.

மறுபடி செய்தால்

உரிமையாளரிடமும் மாமாவிடமும் கேட்டுக் குறித்தவற்றோடு என் கருத்தையும் சேர்க்கிறேன்.

பழுதுக் குறியீட்டை அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுக்க வேண்டும். லோடு எவ்வளவு இருந்தபோது பழுது வந்தது என்பது தெரிந்திருந்தால் சமதள ஓட்டத்தை வைத்து யாரும் திருப்தி அடைந்திருக்க மாட்டார்கள். ஏற்றத்தில் வந்த கோளாறை ஏற்றத்தில்தான் சோதிக்க வேண்டும்.

ஒரே சிலிண்டரின் எண் வந்தால், எதையும் வாங்குவதற்கு முன் காயிலை இடம் மாற்றிப் பார்ப்பது. தனித்தனிக் காயில் உள்ள இன்ஜினில் இதற்குச் செலவே இல்லை.

ரப்பர் உறையை வெளியே துடைத்தால் போதாது, உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பீங்கானில் நெடுக்குக் கோடு இருந்தால் உறையிலும் அதன் ஜோடி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். குழியில் எண்ணெய் கண்டால் அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்காமல் கேஸ்கெட்டையும் அதே வேலையோடு முடித்துவிடுவது நல்லது.

டார்க் ரென்ச் வாங்கலாமா என்று உரிமையாளர் கேட்டார். இருந்தால் நல்லது, கோணக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வேலைக்காக வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது என் எண்ணம். அந்தப் பணத்தில் ரப்பர் வளையமுள்ள நல்ல பிளக் சாக்கெட்டும், சாயாமல் நேராக இறங்கும் நீளமுள்ள எக்ஸ்டென்ஷனும் வாங்கலாம். நான்காவது பிளக் கோணலாக நுழைந்ததற்கு எக்ஸ்டென்ஷன் சாய்ந்ததுதானே காரணம்.

இப்போது ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் மூன்றாவது காயிலை மட்டும் தூக்கி, குழியில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். கடைசியாகப் பார்த்தபோது காய்ந்திருந்தது. பிளக் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் ஒரு அட்டையில் எழுதி பானட்டின் உள்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது, வண்டியை அடுத்து வாங்குகிறவருக்கும் பயன்படும்.